ஊழியம் என்னும் உயர்வு

சில சொற்களின் வரலாறு, அவற்றை வழங்கிய மக்களின் வரலாற்றைப் போலவே அமைந்துவிடுகிறது. தாழ்ந்த இடத்தில் கிடந்து, இழிவு சுமந்து, பின்னர் ஒரு நாள் தலைநிமிர்ந்து எழுந்த சொற்கள் நம் மொழியில் உண்டு. 'ஊழியம்' அவற்றுள் ஒன்று.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்முள் பலருடைய முன்னோர் நெல்லைச் சீமையிலிருந்தும் குமரி மண்ணிலிருந்தும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டு வந்தவர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் காலத்தில், திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்குட்பட்ட குமரிப் பகுதியில், ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை என்பதே பொருள். அரண்மனைக்கும் அதிகாரிகளுக்கும் சுமை சுமக்கவேண்டும், அழைத்தபோது போகவேண்டும், மறுத்தால் தண்டனை உண்டு. இந்தச் சுமை விழுந்ததெல்லாம் தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்ட குடிகளின் தோள்களின்மேல்தான். ஞாயிற்றுக்கிழமையிலேனும் ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டுமென்று அக்காலக் கிறித்தவர்கள் முறையிட்டதும், அதனைப் பெற்றதும் வரலாறு.

இன்றோ தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் ஊழியம் என்பது மிகுந்த மதிப்போடு சொல்லப்படும் சொல். இறைவனுக்கும் மக்களுக்கும் வாழ்வைக் கொடுத்தவரை ஊழியர் என்று அழைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகவே கருதப்படுகிறது. அடிமையின் வேலையைக் குறித்த அதே சொல், ஆன்றோரின் பணியைக் குறிக்கும் சொல்லாக மாறியது எவ்வாறு? சொல் மட்டுந்தான் மாறியதா, வாழ்க்கையும் மாறியதா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலமும் இடமும் கேட்டவர்கள்

மாற்கு எழுதிய நற்செய்தி நூலின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இயேசுவின் சீடருள் யாக்கோபு, யோவான் என்னும் உடன்பிறந்தார் இருவர் அவரிடம் ஒரு வரம் கேட்கின்றனர். அவர் அரசாளும் நாளில் ஒருவர் வலப்பக்கத்திலும் மற்றவர் இடப்பக்கத்திலும் அமரவேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். மற்றப் பதின்மரும் இதைக் கேட்டுச் சினங்கொள்கின்றனர். அவர்கள் சினந்தது பதவி ஆசை தவறு என்பதனாலா, தாங்கள் முந்திக்கொள்ளவில்லையே என்பதனாலா என்று நூல் சொல்லவில்லை. மனித இயல்பை அறிந்த நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இயேசு அவர்களை அருகழைத்து, உலகத்து அரசர்களின் வழக்கம் வேறு, உங்கள் வழக்கம் வேறாக இருக்கட்டும் என்கிறார். பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகவும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லோர்க்கும் அடிமையாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. தாம் வந்ததும் பணிவிடை பெறுவதற்காக அன்று, செய்வதற்காகவே என்று கூறி முடிக்கிறார். இந்த இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஆளும் சொல் ஊழியம் என்பதேயாகும்.

சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. இறுதி இரவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் எடுத்து, சீடர்களின் கால்களைக் கழுவியதாக யோவான் எழுதிய நற்செய்தி கூறுகிறது. செருப்பணிந்து புழுதியில் நடந்து வருவோரின் கால்களைக் கழுவுதல் அந்நாட்டில் வீட்டு அடிமையின் வேலை. பேதுரு என்னும் சீடர் தம் காலை நீட்ட மறுக்கிறார். குரு குனிவதைக் காண அவருக்குப் பொறுக்கவில்லை. பெரியோர் பெரியோராகவே இருக்கவேண்டும், குனிவது சிறியோரின் கடமை என்னும் பழைய ஒழுங்கு அவர் நெஞ்சில் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது. அந்த ஒழுங்கு அன்றே தலைகீழாக்கப்பட்டது.

பணிவைப் பெருமையின் அடையாளமாகக் காணும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. பெருமை என்று தனி அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், பெரியோர் பணிவர், சிறியோரே தம்மைத் தாம் வியந்து கொள்வர் என்னும் கருத்தை அங்கே நிறுவியிருக்கிறார். பணிவு என்னும் பண்போடு நில்லாமல், இழிந்ததென்று உலகம் ஒதுக்கிய வேலையையே பெரியவன் எடுத்துச் செய்யவேண்டும் என்பது கிறித்தவம் அழுத்திக் கூறிய பகுதி. அந்த அழுத்தம் தமிழ் மண்ணில் எவ்வாறு செயலாயிற்று என்பதற்கு வேலூரின் வரலாறு நல்ல சான்று.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவப் பணி செய்து, பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைக் குழந்தைப் பருவத்திலேயே ஐடா கண்ணால் கண்டார். பசித்து வந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவரை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் அந்த நினைவு அவரை இந்தியாவின்பால் ஈர்க்கவில்லை. விலக்கிற்று என்பதே உண்மை. அமெரிக்காவில் படித்த காலத்தில், மீண்டும் இந்த வறுமைக்கும் வெயிலுக்கும் வருவதில்லை, வசதியாக வாழ்வதே தம் வழி என்று அவர் எண்ணியிருந்தார். நோயுற்ற தாயாருக்கு உதவியாகச் சில காலம் மட்டும் தங்கிச் செல்லவே 1890இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் உயர்குலத்து இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் மகப்பேற்று வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாக ஐடா கூறினார். ஆண் மருத்துவர் எம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கில்லை, நீங்களே வரவேண்டும் என்றனர் அவர்கள். மருத்துவம் கல்லாத அப்பெண்ணால் யாது செய்ய இயலும்? பொழுது விடிந்தபோது பெண்கள் மூவரும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது.

அந்த விடியற்காலையில்தான் ஐடா தம் முடிவை மாற்றிக்கொண்டார். சாதியும் சமயமும் வேறு வேறான மூன்று வீடுகளில் சாவு ஒன்றாகவே நுழைந்தது. தடுத்திருக்கக்கூடிய சாவு அது. இந்நாட்டுப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்னும் உறுதியோடு அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் பெண்கள் அணியில் ஒருவராக 1899இல் வெளிவந்தார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்.

ஒரு கட்டிலில் தொடங்கிய பணி

வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தையார் அதே ஆண்டில் மறைந்தார். தந்தையின் வீட்டிலேயே ஓர் அறையில், ஒரே ஒரு கட்டிலோடு ஐடா மருத்துவம் தொடங்கினார். முதல் அறுவை மருத்துவத்தின்போது அவருக்குத் துணை நின்றவர் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லர். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியே ஆவார். தமிழகத்தின் புகழ்மிக்க மருத்துவ நிலையம் ஒன்றின் தொடக்கத்தில், வேலைக்கார வீட்டுப் பெண்ணொருத்தியின் கைகளும் இருந்தன என்பதை நாம் மறத்தல் கூடாது.

இரண்டாண்டுகளுக்குள் ஏறத்தாழ 5,000 பேர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902இல் 40 படுக்கைகளைக் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடி அவரே சென்றார். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் இடையிலான சாலையில், குறித்த மரத்தடிகளில், அவருடைய வண்டி வரும் நாளை எதிர்நோக்கி நோயாளிகள் காத்திருப்பர். புண்ணைக் கழுவுவதும் கட்டுக் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் அந்த மர நிழலிலேயே நடந்தன. சாலையோர மருத்துவம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற முறை இவ்வாறுதான் உருவாயிற்று.

ஈண்டு ஒரு செய்தியை நாம் சிந்திக்கவேண்டும். ஒரு பெண் தனியே எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? ஐடா அவ்வாறு தம்மையே நடுவாக வைத்து நின்றிருந்தால், அவர் புகழ் பெருகியிருக்கும். அவரோடு பணியும் முடிந்திருக்கும். அவர் வேறு வழியைத் தேர்ந்தார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பிறர் உடற்கழிவைத் தொட்டுத் துடைக்கும் செவிலியர் தொழிலைக் குடும்பப் பெண்ணுக்கு ஆகாத இழிதொழில் என்று சமூகம் எண்ணியிருந்த காலம் அது. அந்தப் பள்ளி வளர்ந்து 1946இல் பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாயிற்று. நாட்டில் செவிலியர் பட்டப் படிப்பை முதன்முதல் தொடங்கிய நிலையங்களுள் அதுவும் ஒன்று.

1918 ஆகஸ்டு 12இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று அரசு மருத்துவத் துறையின் உயர் அதிகாரி ஐயுற்றாராம். வந்த விண்ணப்பங்கள் 151. இடம்பெற்ற பெண்களுள் 14 பேர் 1922இல் மருத்துவர்களாக வெளிவந்தனர். பணிவிடை பெறுவதற்கன்று, செய்வதற்கே என்னும் பொருள்பட அமைந்த நற்செய்தி மொழியே இந்நிலையத்தின் குறிக்கோளுரையாக விளங்குகிறது.

விட்டுக்கொடுத்தலும் ஊழியமே

தாழ்ந்து பணிசெய்வது அரிது. தாம் கட்டியதைப் பிறர் கையில் கொடுப்பது அதனினும் அரிது. 1938இல் சென்னை மாகாணத்தில் மருத்துவக் கல்வியின் தரம் பல்கலைக்கழகப் பட்ட அளவுக்கு உயர்த்தப்படவேண்டும் என்னும் நிலை வந்தபோது, வேலூர்ப் பள்ளி மூடப்படும் இக்கட்டில் நின்றது. பல சபைகள் ஒன்றுகூடிப் பொருளுதவி செய்தாலன்றிப் பிழைக்க வழியில்லை. அவ்வாறு ஒன்றுகூடுவதாயின் ஆண்களையும் சேர்க்கவேண்டும் என்னும் நிபந்தனை எழுந்தது.

பெண்களுக்காகவே தொடங்கிய கல்லூரி அது. நெடுங்காலம் துணைநின்ற அமெரிக்கத் தோழியர் சிலர் இந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தனர். தம் கனவின் வடிவம் பெரிதா, மருத்துவம் தேடி வரும் மக்கள் பெரிதா என்னும் வினாவை எழுபது வயதை அணுகிய ஐடா எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் மக்கள் பக்கம் நின்றார். 1942இல் பட்டப் படிப்புத் தொடங்கியது. 1947இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். 1946இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். விடுதலை பெற்ற இந்தியாவில், விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் இந்நிலையத்தை நடத்தும் முதல் இந்திய இயக்குநர் ஆனார். கோடைக்கானலில் ஓய்வு பெற்று வாழ்ந்த ஐடா 1960 மே மாதம் தம் 89ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

வெளிநாட்டினர் நடத்திய சமயப் பணிகளின்மேல் ஐயம் கொள்வோர் உண்டு. அந்த ஐயத்தை முற்றும் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. உதவி செய்பவர் உயர்ந்த இடத்திலும் உதவி பெறுபவர் தாழ்ந்த இடத்திலும் என்றென்றும் நிற்பதானால், அது ஊழியம் என்னும் பெயர் தாங்கிய ஆதிக்கமே. வேலூர் வரலாற்றில் நாம் மதிப்பது, இந்நாட்டுப் பெண்களே மருத்துவராகவும் ஆசிரியராகவும் தலைவராகவும் உயரும்படி வழிவிட்டமையைத்தான்.

கால்களைப் பார்த்த மருத்துவர்

நம் மும்பை மாநகருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1890இல் மாட்டுங்காப் பகுதியில், இன்று வடாலா என வழங்கும் இடத்தில், வீடற்ற தொழுநோயாளர்க்கான இல்லம் ஒன்று அமைந்தது. அன்றைய மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த் என்பவரின் முயற்சியால் எழுந்தமையால் அது பின்னர் அவர் பெயரையே பெற்றது. தெருவில் கிடந்தவர்க்குக் கூரையும் உணவும் அளித்த இல்லம் என்பது ஒரு புறம். நோயாளரை ஊரார் கண்ணிலிருந்து அகற்றவேண்டும் என்னும் அச்சமும் அதன் பிறப்பில் கலந்திருந்தது என்பது மறுபுறம். 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம் அந்த அச்சத்தை நாடெங்கும் சட்டமாக்கியது. மருந்தில்லா நோய்க்கு ஒதுக்கிவைத்தலே மருத்துவம் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது.

அந்த அச்சத்தைக் கடந்தவருள் ஒருவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பணிசெய்த ஆங்கிலேய மிஷனெரிப் பெற்றோர்க்கு 1914இல் பிறந்தவர். அறுவை மருத்துவராக 1946இல் வேலூர் வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, முடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். அந்த நோயாளியின் பிடி எதிர்பாராத வலிமையோடு அவர் கையை இறுக்கியது. நோய் தின்றுவிட்டதாக எல்லோரும் எண்ணிய கையில் நல்ல தசைகள் எஞ்சியிருந்தன. தொட அஞ்சாத ஒருவருக்கே அந்த உண்மை புலப்பட்டது. நல்ல தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி, முடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்னும் பழைய நம்பிக்கையையும் அவர் ஆராய்ந்து மறுத்தார். நரம்பு உணர்விழந்தமையால் சூடும் முள்ளும் காயமும் நோயாளிக்குத் தெரிவதில்லை. அக்காயங்களே உறுப்பைச் சிதைக்கின்றன என்று கண்டார். இரவில் உறங்கும்போது எலிகள் கடிப்பதும் உணர்வற்ற விரல்களுக்குத் தெரியவில்லை. ஆகவே நோயாளர்க்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன! மாபெரும் அறுவை மருத்துவர் ஒருவர், பூனையையும் மருத்துவக் கருவியாகக் கொள்ளும் அளவுக்கு ஏழையின் குடிசை வாழ்வில் கண் வைத்திருந்தார் என்பது வியப்பன்றோ?

கையோடு அவர் நிற்கவில்லை. நோயாளியின் பாதத்தின்கீழ் எவ்விடத்தில் அழுத்தம் விழுகிறது, எங்கே புண் தோன்றும் என்று குனிந்து பார்த்தார். நுண்ணறைகள் கொண்ட மெல்லிய இரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. அறுவைக்கூடத்துக்கு நிகரான கவனம் செருப்புத் தைக்கும் பட்டறைக்கும் தரப்பட்டது. தாராவியில் வாழ்வோர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. தோலும் செருப்பும் நம் பகுதியின் பிழைப்பு. அந்தத் தொழிலின்பொருட்டு நம்மவர் பட்ட இழிவும் நாம் அறிந்ததே. இழிந்ததென ஒதுக்கப்பட்ட அக்கைத்தொழில், வேலூரில் மருத்துவத்தின் ஒரு பகுதியாக உயர்ந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு கால் கழுவிய அந்த இரவின் காட்சி, இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ அறிவின் வடிவில் மீண்டும் தோன்றியதாகவே நாம் கருதுகிறோம்.

சக்கர நாற்காலியிலிருந்து

இன்னும் ஒருவரைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. கொச்சியில் 1925இல் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலூரில் பயின்ற மருத்துவர். 1954இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்தார். நோயாளிக்குப் பணிவிடை செய்யக் கற்றவர், மற்றவர் பணிவிடையைப் பெறவேண்டியவரானார். பேதுரு மறுத்தது அந்தப் பெறுதலைத்தான். கொடுப்பதினும் பெறுவதற்கு மிகுதியான பணிவு வேண்டும்.

கால்கள் போனாலும் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அவர் அறுவை மருத்துவம் செய்தார். தாமும் ஊனமுற்றவராக இருந்து செய்த மருத்துவத்தில், மேலிருந்து இரங்கும் இரக்கத்துக்கு இடமில்லை. பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையை நிறுவி வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986இல் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

இன்று தொழுநோய் கூட்டுமருந்துகளால் முற்றிலும் குணமாகும் நோய். நோயைப் பற்றிய அச்சம் குறைந்தது. வேலையைப் பற்றிய இழிவெண்ணம் குறைந்ததா? நம் மாநகரில் விடியுமுன் தெருவைக் கூட்டுவோரையும், சாக்கடையில் இறங்குவோரையும், மருத்துவமனைக் கூடங்களைத் துடைப்போரையும் நாம் எவ்வாறு அழைக்கிறோம், எங்கே அமர வைக்கிறோம்? அவர்களுள் நம் இனத்தவர் பலர் உண்டு. செவிலியர் பணிக்குச் செல்லும் மகளைப் பற்றி உறவினரிடம் சற்றே தயங்கிச் சொல்லும் பெற்றோரும் நம்மிடையே இருந்திருக்கின்றனர்.

ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். கட்டாயத்தினால் ஒருவர் தலையில் சுமத்தப்படும் வேலையை ஊழியம் என்று புகழ்ந்து அவரை அங்கேயே நிறுத்திவைத்தல் கொடுமை. திருவிதாங்கூரின் பழைய ஊழியம் அதுவே. அந்தச் சுமையை ஒழிப்பதும், அதைச் சுமந்தவரை நிமிரச் செய்வதுமே ஊழியத்தின் புதிய பொருள். மேலே இருப்பவர் தாமாக விரும்பிக் குனியும்போதுதான் அது பெருமையாகிறது. கீழே இருப்பவரைக் குனியச் சொல்வதற்கு நற்செய்தியில் இடமில்லை.

சங்கங்களும் சபைகளும் நடத்துகின்ற நமக்கு இவ்வரலாறு இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. நம் உதவி பெற்றவர் சில ஆண்டுகள் கழித்து நமக்கு நிகராக நிற்கிறாரா என்பது ஒன்று. நாம் விலகிய பின்னும் பணி நடக்கிறதா என்பது மற்றொன்று. வலமும் இடமும் அமரக் கேட்ட அந்தச் சகோதரரின் ஆசை நம் மேடைகளிலும் இல்லாமற் போகவில்லை. முன்வரிசை நாற்காலிக்கும் மாலைக்கும் நடக்கும் போட்டியை நாம் அறியாதவர் அல்லோம்.

'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் வேலூர் வந்து சேர்ந்ததாகச் சொல்வர். ஊர் வேண்டியிருக்கவில்லை, மாவட்டம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவரைத் தேடி வந்தவர்களுக்கு எப்போதும் ஓர் அடையாளம் தெரிந்திருந்தது. குடியாத்தம் சாலையில், ஒரு மரத்தடியில், யாரோ ஒருவரின் புண்ணருகே குனிந்திருப்பவர் அவர்.